பேராலயத்துக் கேனனுக்குப் படியளந்தது யார்?

11 ஜூன் 2023, மாலை. 'மணிமுத்தாறு' என்ற பெயரில் எழுதுபவர் கேட்டது

இங்கிலாந்துப் பேராலயங்களில் கேனன்கள் என்று ஒரு குருக்கள் கூட்டம் இருந்தார்களே, அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? நான் புரிந்துகொண்டது: ஜனங்கள் கொடுத்த தசமபாகம் பிஷப்பிடம் போகும், அவர் மாதாமாதம் பிரித்துக் கொடுப்பார். நம்ம டயோசிஸ் ஆபீஸ் மாதிரி. சரிதானே?

11 ஜூன் 2023, இரவு 10.40

சரியில்லை. பிஷப்பின் கை இதில் இல்லை. பிஷப்பின் சொத்து வேறு, பேராலயத்தின் சொத்து வேறு. 12ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலான இடங்களில் இரண்டும் பிரிந்துவிட்டன. பேராலயத்தை நடத்தியது டீன் என்ற தலைவரும் கேனன்களும் சேர்ந்த சாப்டர் என்ற சபை. பிஷப்பே தன் பேராலயத்துக்குள் கொஞ்சம் விருந்தாளி மாதிரிதான்.

'சம்பளம்' என்ற சொல்லும் பொருந்தாது. கேனனுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அவருக்கு ஒரு நிலம் இருந்தது. நிலத்தோடு ஒரு நாற்காலி. அவ்வளவுதான்.

தூக்கம் வருகிறது. நாளை விரிவாக.

12 ஜூன் 2023

லிங்கனிலிருந்து தொடங்குகிறேன். மகள் அந்த ஊரில் படித்தபோது மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் மழை, மூன்று தடவையும் ஒதுங்கியது பேராலயத்தில். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே பேராலயம் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாடகர் பகுதிக்குள் இரண்டு பக்கமும் கருத்துப்போன ஓக் மர இருக்கைகள், 14ஆம் நூற்றாண்டு வேலை. மடக்குப் பலகையைத் தூக்கினால் அடியில் சின்னதாக ஒரு விளிம்பு. மணிக்கணக்காக நிற்கிற கிழவர்கள் உட்காராத மாதிரி உட்கார்ந்துகொள்ள. அந்த விளிம்புக்கு அவர்கள் வைத்த பெயரே 'இரக்கம்' என்று பொருள்படும் லத்தீன் சொல். இருக்கைக்கு மேலே ஓர் ஊர்ப்பெயர். அதோடு ஒரு சங்கீதத்தின் முதல் சில சொற்கள், லத்தீனில்.

முதல் தடவை அந்த ஊர்ப்பெயரைப் பார்த்தபோது உபயதாரர் பெயர் என்று நினைத்தேன். நம் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு 'உபயம்' என்று எழுதியிருப்பார்களே, அந்த மாதிரி. இல்லை. அது அந்த இருக்கைக்காரர் சாப்பிடுகிற ஊர். அந்த ஊரில் உள்ள நிலமோ, அந்த ஊர்த் தேவாலயத்துக்கு வருகிற தசமபாகமோ, இரண்டுமோ, அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு. இதற்குப் பெயர் பிரிபெண்ட். வைத்திருப்பவர் பிரிபெண்டரி. லிங்கனில் இப்படி 58 இருந்தன. பக்கத்தில் வெல்டன் என்று ஒரு கிராமம். அந்த ஒரே கிராமத்தைத் துண்டு போட்டு வெல்டன் பெக்ஹால், வெல்டன் ரைவல், வெல்டன் வெஸ்ட்ஹால் என்று பல நாற்காலிகள். பாகப்பிரிவினைப் பத்திரம் படிப்பது போலிருக்கும்.

சங்கீதம் எதற்கு? 150 சங்கீதங்களையும் கேனன்களுக்குள் பங்கு போட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் பங்கைத் தினமும் சொல்ல வேண்டும், எங்கே இருந்தாலும். எல்லோரும் சொல்லிவிட்டால் ஒரு நாளில் முழு சங்கீதப் புத்தகமும் முடிந்துவிடும். நிலமும் பங்கு, ஜெபமும் பங்கு.

12 ஜூன் 2023, மதியம்

விட்டுப்போனது. பிரிபெண்ட் என்ற சொல் 'கொடுக்கப்பட வேண்டியது' என்ற லத்தீனிலிருந்து வருகிறது. முதலில் அது சாப்பாட்டுப் பங்கு, நம் ஆட்கள் 'படியளக்கிறது' என்பார்களே அதே. இதே மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் இன்னொரு சொல்லும் பிறந்தது: குதிரைக்குப் போடும் தீவனத்துக்கான சொல். கேனனும் குதிரையும் சொல்லளவில் பங்காளிகள்.

14 ஜூன் 2023

'மணிமுத்தாறு' விடுவதாக இல்லை. "அப்போ தினமும் ஆராதனைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பணம் வருமா?"

வரும். அதுதான் மொத்தக் கதையே.

இரண்டு பானை இருந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அவரவர் பிரிபெண்ட். அது தனிச்சொத்து மாதிரி. கேனன் லண்டனில் இருந்தாலும் ரோமில் இருந்தாலும் அறுவடை முடிந்தால் பணம் அவருக்கு. இன்னொன்று பொதுப் பானை. சாப்டருக்குக் கூட்டாக எழுதிவைத்த நிலங்கள், தேவாலயங்கள், கல்லறைகளில் விழுகிற காணிக்கை எல்லாம் இதில். லிங்கனில் புனித ஹியூவின் கல்லறை இருந்தது. அவர் 1200இல் இறந்தார், 1220இல் புனிதர் பட்டம். யாத்திரிகர்கள் போட்ட காசும் சேர்ந்தது. இந்தப் பொதுப் பானையிலிருந்து ஊரிலேயே தங்கி ஆராதனைக்கு வந்தவர்களுக்கு மட்டும் நாள்படி. வருடக் கடைசியில் மிச்சம் இருந்தால் அதையும் தங்கியிருந்தவர்களே பிரித்துக்கொள்வார்கள்.

நாள்படி எல்லா இடத்திலும் காசாகவே வரவில்லை. லண்டன் செயின்ட் பால்ஸில் ரொட்டியும் பீரும். பேராலயத்துக்கே சொந்த ரொட்டிக்கூடம், சொந்த மதுவடி கூடம். எந்தக் கிராமம் எத்தனை வாரத்துக்கான தானியம் அனுப்ப வேண்டும் என்று முறை வைத்திருந்தார்கள். 1286ஆம் வருடக் கணக்கில் 67,814 காலன் பீர் வடித்ததாக இருக்கிறது. எங்கள் ஊர் அசனப் பண்டிகைக்கு எத்தனை மூட்டை அரிசி போட்டோம் என்று எழுதி வைத்த நோட்டு என்னிடம் உண்டு. அதில் இந்தத் துல்லியம் கிடையாது.

14 ஜூன் 2023, இரவு

இரண்டு பானை என்று எழுதியபிறகு தாத்தா நினைவு வந்து தூக்கம் போய்விட்டது.

தாத்தா திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் உபதேசியார். மேலிருந்து ஒரு சின்னத் தொகை வரும். மீதி பிடியரிசி. தெரியாதவர்களுக்கு: வீட்டில் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள், ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அதை அளந்து விற்பார்கள், அல்லது அப்படியே உபதேசியார் வீட்டுக்குப் போகும். பாட்டி சொல்வாள்: கலயத்தைச் சாய்க்கும்போதே யார் வீட்டு அரிசி என்று தெரியுமாம். ஒரு வீட்டிலிருந்து நொய்யும் கல்லும்தான் வரும். அந்த வீட்டுக்காரரை தாத்தா ஒருமுறை பிரசங்கத்தில் ஜாடையாகக் கண்டித்திருந்தார்.

தாத்தாவுக்கு இருந்தது பொதுப் பானை மட்டும். ஒரு ஞாயிறு ஊரில் இல்லையென்றால் அந்த வாரம் அரிசி இல்லை. வெல்டன் மாதிரி ஒரு வெஸ்ட்ஹால் அவருக்கு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? நாங்குநேரியில் உட்கார்ந்துகொண்டு வெற்றிலை போட்டிருப்பார் என்பது என் அனுமானம்.

19 ஜூன் 2023

வராமலே வாங்கியவர்கள் பட்டியல் கேட்டார்கள். முழுப்பட்டியல் போட்டால் இழை தாங்காது. இரண்டு பேர் போதும்.

போகோ டி கிளேர். 13ஆம் நூற்றாண்டு, பெரிய பிரபு வீட்டுப் பிள்ளை. கேனன் பதவிகள், பங்குக் கோயில்கள் என்று இரண்டு டஜனுக்கு மேல் ஒரே ஆள் கையில். யார்க் பேராலயத்தின் பொருளாளரும் அவர்தான், பொருளைப் பற்றி நன்கு தெரிந்தவர் என்பதால் இருக்கலாம். அவருடைய வீட்டுக் கணக்கு இன்றும் இருக்கிறது. அதில் இஞ்சி முரப்பாவுக்கும் ஆடைக்கும் எழுதியிருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும்.

அடுத்தவர் விக்கமின் வில்லியம். யார் யார் எத்தனை பதவி வைத்திருக்கிறீர்கள் என்று 1366இல் கணக்கு கேட்டபோது அவர் காட்டிய வருட வருமானம் 873 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். லிங்கனின் ஆர்ச்டீக்கன் (பிஷப்புக்கு அடுத்த நிலை அதிகாரி) பதவி, அதோடு பல பேராலயங்களில் பிரிபெண்டுகள். எல்லா நாற்காலியிலும் ஒரே நேரத்தில் உட்கார முதுகு எத்தனை வேண்டும்?

திருட்டு என்றால் திருட்டுத்தான்.

20 ஜூன் 2023

நேற்று 'திருட்டு' என்று எழுதியதைக் கொஞ்சம் பின்வாங்குகிறேன்.

வில்லியம் சும்மா இருந்தவரில்லை. ராஜாவின் கட்டட வேலைகளைப் பார்த்தவர், அரசாங்கத்தையே நடத்தியவர். அவருக்கு ராஜா கஜானாவிலிருந்து சம்பளம் கொடுப்பதற்குப் பதிலாக பேராலய நாற்காலிகளைக் கொடுத்தார். அரசனின் எழுத்தர்கள், தூதர்கள், வழக்கறிஞர்கள் எல்லோருக்கும் இதே ஏற்பாடு. படித்தவர்கள் எல்லோரும் குருக்களாக இருந்த காலம், அரசாங்கத்திடம் ரொக்கம் குறைவு. ஆக பேராலயத்தின் நிலம்தான் அன்றைய அரசு ஊழியர் சம்பளப் பட்டியல். போப்பாண்டவரும் தன் பங்குக்கு இதையே செய்தார். ரோமில் இருக்கும் ஆட்களுக்கு இங்கிலாந்து நாற்காலி.

இதை மறுத்த லிங்கன் பிஷப் ஒருவர் உண்டு, ராபர்ட் கிராஸ்டெஸ்ட். 1253இல் போப் நான்காம் இன்னசென்ட் தன் உடன்பிறந்தார் மகனுக்கு லிங்கனில் ஒரு கேனன் இடம் கேட்டு உத்தரவு அனுப்பினார். கிராஸ்டெஸ்ட் முடியாது என்று எழுதிவிட்டார். போப்புக்கே. அவர் சொல்ல யோக்கியதை உள்ளவர். 1232இல் காய்ச்சலில் விழுந்து எழுந்தபிறகு தன்னிடம் இருந்த வருமானப் பதவிகளை எல்லாம் ராஜினாமா செய்து, லிங்கன் பிரிபெண்ட் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்.

ஒன்றை வைத்துக்கொண்டாரே என்று கேட்பீர்கள். சாப்பிட வேண்டாமா?

20 ஜூன் 2023, பத்து நிமிடம் கழித்து

திருச்சபையைக் கண்டித்து எழுதிய 14ஆம் நூற்றாண்டு அறிஞர் ஜான் விக்லிஃபைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், "அவர் இந்த ஊழலை எல்லாம் எதிர்த்தவர்தானே?" ஆமாம். ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது 'சீர்திருத்தத்தின் விடிவெள்ளி'. அந்த விடிவெள்ளி வெஸ்ட்பரி என்ற ஊர்க் கூட்டுக்கோயிலில் ஆஸ்ட் என்ற பிரிபெண்டை வைத்திருந்தது. பேராலயம் இல்லை, ஆனால் முறை அதே முறை. 1366இல் பிஷப் விசாரித்தபோது ஆள் அங்கே தங்கவில்லை என்று தெரிந்தது. பிறகு லிங்கனில் ஒரு பிரிபெண்ட் தருவதாக போப் வாக்களித்தார். காலியானபோது அது இத்தாலியில் போப்புக்காகச் சண்டை போட்ட ஒரு கூலிப்படைத் தலைவரின் மகனுக்குப் போய்விட்டது. விக்லிஃப் பிறகு எழுதியதில் உள்ள காரத்தில் எத்தனை வீசம் இந்த ஏமாற்றம் என்று அளக்க என்னிடம் தராசு இல்லை.

2 ஜூலை 2023

வராதவர் இடத்தில் யார் பாடினார்கள்? இதை யாரும் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் தாத்தாவின் ஆட்கள் இவர்கள்தான்.

கேனன் தனக்குப் பதிலாக ஒரு விகாரை நிறுத்த வேண்டும். விகார் என்றாலே 'பதிலாள்'. இவர்கள் பாட்டு விகார்கள். நடுராத்திரி ஜெபம் முதல் சாயங்கால ஜெபம் வரை நின்று பாடியது இவர்கள். கேனன் தன் பிரிபெண்டிலிருந்து வருடத்துக்கு ஒரு கூலி கொடுப்பார், இருக்கைக் கூலி என்று பெயர். பொதுப் பானையிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தாலும் கேனனுக்கு வந்ததில் ஒரு துளி.

காசு குறைவு, வயது குறைவு, ஊருக்குள் வாடகை வீடு. விளைவை ஊகிக்கலாம். சாராயக்கடை, பெண்கள், கத்திக்குத்து. வெல்ஸ் பேராலயத்தில் ரால்ஃப் என்ற பிஷப் இவர்களைக் கட்டி மேய்க்க ஒரு தனித் தெருவே போட்டார். 1348இல் அவர்களுக்குச் சாப்பாட்டு மண்டபம், அதை ஒட்டி இரண்டு பக்கமும் வரிசை வீடுகள். பிறகு மண்டபத்திலிருந்து பேராலயத்துக்கு நேரே போகத் தெருவுக்கு மேலாக ஒரு பாலம். ஊர் மண்ணை மிதிக்காமலே பாட்டுக்குப் போய்த் திரும்பிவிடலாம். ஹாஸ்டல் வார்டன் மூளை! அந்தத் தெரு இன்றும் இருக்கிறது, இன்றும் ஆள் குடியிருக்கிறது. சீர்திருத்தத்துக்குப் பிறகு விகார்கள் கல்யாணம் செய்யலாம் என்றானதும் பிள்ளைகுட்டிக்கு இடம் பற்றாமல் இரண்டு வீட்டை இடித்து ஒன்றாக்கினார்கள்.

3 ஜூலை 2023

நேற்றைய குறிப்பில் வராத கேனனுக்குத் தண்டனையே இல்லை என்ற தொனி வந்துவிட்டது. தவறு. லிங்கனில் தங்காத கேனன் தன் பிரிபெண்டின் மதிப்பில் ஏழில் ஒரு பங்கைப் பொதுப் பானைக்குக் கட்ட வேண்டும். வசூலானதா என்பது வேறு. ரோமில் இருக்கும் கர்தினாலுக்கு யார் போய் ரசீது நீட்டுவது?

இன்னொரு வேடிக்கை, தங்க விரும்புகிறவர்களுக்கும் தடை. தங்கும் கேனன்கள் குறைவாக இருந்தால்தானே வருடக் கடைசி மிச்சத்தில் பங்கு பெரிதாகும்? அதனால் புதிதாக ஒருவர் 'நானும் இங்கேயே தங்குகிறேன்' என்று வந்தால் முதல் வருடம் முழுக்க அவர் விருந்து போட வேண்டும் என்று வழக்கம். யார்க்கிலும் செயின்ட் பால்ஸிலும் இது ஆளைத் திவாலாக்கும் அளவுக்குப் போனது. யார்க்கில் 1541இல் எட்டாம் ஹென்றி புதுச் சட்டதிட்டம் கொடுத்துத்தான் அந்த விருந்துச் செலவை அடக்க வேண்டியிருந்தது. யாராவது ஹென்றியிடம் போய் 'விருந்தைக் குறையுங்கள்' என்று முறையிட்டிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

9 ஜூலை 2023

ஹென்றி பெயரை எடுத்ததும் "அவர்தான் இதையெல்லாம் ஒழித்துவிட்டாரே" என்று மூன்று பேர். நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒழித்தது மடங்களை. இங்கிலாந்தில் பாதிப் பேராலயங்களை மடத்துத் துறவிகள் நடத்தினார்கள்: கான்டர்பரி, டர்ஹம், வின்செஸ்டர், நாரிச் போன்றவை. துறவிக்குத் தனிச்சொத்து கிடையாது என்பதால் அங்கே பிரிபெண்டும் கிடையாது. ஹென்றி துறவிகளை அனுப்பிவிட்டு அந்த இடங்களில் டீனும் கேனன்களும் கொண்ட புதிய சாப்டர்களை அமைத்தார். கான்டர்பரியில் டீனுக்கு வருடம் 300 பவுண்டு, 12 பிரிபெண்டரிகளுக்குத் தலைக்கு 40. 'மணிமுத்தாறு' நினைத்த மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் கிட்டே வருவது இதுதான்.

துறவிகள் இல்லாத ஒன்பது பழைய பேராலயங்கள் லிங்கன், சாலிஸ்பரி, யார்க், லண்டன், வெல்ஸ், எக்ஸிடர், ஹெரிஃபோர்டு, லிச்ஃபீல்டு, சிச்செஸ்டர். இங்கே பிரிபெண்டுகள் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தன. போப் போய்விட்டார், பூசை போய்விட்டது, நாற்காலியும் நிலமும் போகவில்லை. பிரிபெண்டின் முதல் வருட வருமானம் மட்டும் 1534 முதல் போப்புக்குப் பதில் ராஜாவுக்கு. அதற்காகத்தான் 1535இல் ஒவ்வொரு கோயிலின் வருமானத்தையும் கணக்கெடுத்தார்கள்.

16 ஜூலை 2023

'தேவதானம், பிரமதேயம் எல்லாம் இதுதானே' என்று எழுதியவருக்கு: தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே சேர்த்தால் இரண்டும் குழம்பிவிடும்.

23 ஜூலை 2023

இப்போது எனக்குப் பிடித்த பகுதி, குத்தகை. நான் பிழைத்ததே கணக்கெழுதித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேனன் கலப்பை பிடிக்கப்போவதில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விடுவார். 1571இல் ஒரு சட்டம்: 21 வருடத்துக்கு மேல் விடக்கூடாது, அல்லது மூன்று உயிர் வரை விடலாம். மூன்று உயிர் என்றால் பத்திரத்தில் மூன்று பெயர் எழுதுவார்கள், மூவரில் கடைசி ஆள் சாகும்வரை குத்தகை ஓடும். குத்தகைக்காரர்கள் யார் பெயரை எழுதினார்கள் என்று நினைக்கிறீர்கள்? கிழவர்கள் பெயரையா? வீட்டில் இருப்பதிலேயே திடகாத்திரமான சின்னப் பிள்ளைகள் பெயரை.

வருட வாடகை பெயருக்குத்தான். பழைய காலத்துத் தொகையே தலைமுறை தலைமுறையாக நிற்கும். உண்மையான பணம் புதுப்பிக்கும்போது கையில் வாங்கும் மொத்தத் தொகையில். நம் ஊரில் கடையைக் கைமாற்றும்போது 'குட்வில்' வாங்குகிறோமே, அதே. 21 வருடக் குத்தகையை 7 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். அந்தத் தொகை முழுக்க அன்று நாற்காலியில் இருக்கும் கேனனின் சட்டைப்பைக்கு. அடுத்து வருபவருக்கு? பெயரளவு வாடகை.

ஆக அது ஒரு சூதாட்டம். வயதான கேனன் கிடைத்ததை வாங்கிக்கொண்டு புதுப்பித்துவிடுவார். வாலிபக் கேனன் முறைத்துக்கொண்டு உட்காருவார், புதுப்பிக்க மாட்டேன், குத்தகை முடியட்டும், முழு நிலமும் என் கைக்கு வரட்டும் என்று. 'உன் ஆயுளா என் ஆயுளா பார்க்கலாம்' என்ற போட்டி. இடையில் கேனனுக்குக் காய்ச்சல் வந்தால் குத்தகைக்காரர் வீட்டில் கொண்டாட்டம்.

உச்சக்கட்டம் லண்டன். டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது டாட்டன்ஹால் என்ற செயின்ட் பால்ஸ் பிரிபெண்டின் மண். வயல்வெளி. 1768இல் குத்தகைக்காரர் சார்லஸ் ஃபிட்ஸ்ராய் பாராளுமன்றத்தில் சட்டம் போட்டே அதைத் தனக்குச் சொந்தமாக்கிக்கொண்டார். பிரிபெண்டரிக்கு வருடம் 300 பவுண்டு, நிரந்தரமாக. அப்போது அது நல்ல தொகை, கேனன் மகிழ்ந்திருப்பார். பிறகு அந்த வயலில் லண்டன் வந்து உட்கார்ந்தது. இன்று அங்கே 300 பவுண்டுக்கு ஒரு ராத்திரி ஹோட்டல் அறை எடுத்தால் ஜன்னல் இருக்குமா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

24 ஜூலை 2023

இதற்கு நேர் எதிரும் உண்டு. செயின்ட் பால்ஸின் இன்னொரு பிரிபெண்ட் எசெக்ஸ் கடற்கரையில், வால்டன் பக்கம். நிலம் முழுவதையும் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. நாற்காலியை எடுக்கவில்லை, பெயரை மட்டும் மாற்றினார்கள்: 'கன்சம்ப்டா பெர் மாரே', 'கடல் தின்றது'. இன்றும் அந்தப் பெயரில் ஒரு பிரிபெண்டரி உண்டு. விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்வாரா?

மேப்ஸ்பரி என்று வடமேற்கு லண்டனில் ஒரு பகுதி, அதுவும் பிரிபெண்ட்தான். 12ஆம் நூற்றாண்டில் அதை வைத்திருந்த வால்டர் மேப் என்பவர் பெயரே ஊருக்கு ஒட்டிக்கொண்டது.

6 ஆகஸ்ட் 2023

மகளிடம் இந்த இழையைக் காட்டினேன். "அப்பா, வராதவங்க எல்லாரையும் ஒரே மாதிரி திட்டாதீங்க, ஹெர்பர்ட்டை மறந்துட்டீங்க" என்றாள். உண்மைதான்.

ஜார்ஜ் ஹெர்பர்ட், கவிஞர். 1626இல் லிங்கனில் லெய்டன் எக்லீசியா என்ற பிரிபெண்ட் கிடைத்தது. கிடைத்த ஊரில் கோயில் இடிந்து, ஜனங்கள் ஆராதனை நடத்தவே முடியாத நிலை. அவர் அங்கே குடியிருக்கவில்லை. நண்பர் ஒருவருக்குக் கைமாற்றிவிடவும் பார்த்தார். நடக்கவில்லை. அப்புறம் என்ன செய்தார் தெரியுமா, தன் பணம், உறவினர் பணம், தெரிந்த பிரபுக்கள் பணம் எல்லாம் திரட்டி அந்தக் கோயிலைக் கட்டி எழுப்பினார். உள்ளே பிரசங்க மேடையும் வாசிப்பு மேடையும் ஒரே உயரத்தில், ஜெபம் பிரசங்கத்துக்குக் குறைந்ததில்லை என்று காட்ட.

இதை வைத்துக்கொண்டு 'அமைப்பு நல்லது, ஆட்கள்தான் கெட்டவர்கள்' என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். ஒரு ஹெர்பர்ட்டுக்கு எத்தனை போகோ? நல்லவராக இருப்பதும் கெட்டவராக இருப்பதும் அவரவர் இஷ்டத்துக்கு விட்ட ஏற்பாடு அது. தாத்தாவுக்கு அந்த இஷ்டம் இருந்ததில்லை.

10 செப்டம்பர் 2023

ஒரு மாதம் காணோம் என்று கேட்டவர்களுக்கு: கண்புரை ஆபரேஷன். நன்றாக இருக்கிறேன். எழுத்துகள் எல்லாம் இப்போது கருப்பாகத் தெரிகின்றன, இத்தனை நாள் பழுப்பாகவே பார்த்திருக்கிறேன்.

முடிவு எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். 1830களில் சீர்திருத்தக் காற்று. தொழிற்சாலை ஊர்களில் லட்சக்கணக்கான ஜனம், அங்கே குருவுக்கு வழியில்லை. டர்ஹம் பேராலயத்திலோ நிலத்துக்குக் கீழே நிலக்கரி, நாற்காலிகள் பொன்னாய்க் கொழித்தன. பிடுங்கப்படுவதற்கு முன் நாமே நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்ற கணக்கும் சேர்ந்துதான் டர்ஹம் சாப்டர் 1832இல் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியது. வருமான வரிக்குப் பயந்து மார்ச் மாதம் தர்மம் செய்கிறவர்களைப் பார்த்ததில்லையா?

1836இல் திருச்சபை ஆணையம், 1840இல் சட்டம். பெரும்பாலான பேராலயங்களில் தங்கும் கேனன்கள் நான்கே பேர். தங்காத பிரிபெண்டுகளின் நிலத்தை, இருப்பவர் ஆயுளுக்குப் பிறகு, ஆணையம் எடுத்துக்கொள்ளும். அந்தப் பணம் ஏழைப் பங்குகளுக்கு. டீனுக்குப் பொதுவாக 1,000 பவுண்டு, கேனனுக்கு 500. நிலம் போய்ச் சம்பளம் வந்தது இந்த இடத்தில்தான். பெயரும் நாற்காலியும் மட்டும் மரியாதைக்கு மிஞ்சின.

எதிர்த்தவர்களில் கெட்டிக்காரர் சிட்னி ஸ்மித், செயின்ட் பால்ஸ் கேனன். அவர் வாதம் லாட்டரிச் சீட்டு வாதம். திருச்சபையின் மொத்தப் பணத்தையும் சமமாகப் பிரித்தால் தலைக்கு அற்பம்தான் வரும், கெட்டிக்காரன் எவனும் வரமாட்டான். ஆனால் அங்கங்கே சில பெரிய பரிசு இருந்தால், நமக்கும் விழும் என்று நம்பி நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தங்கள் சொந்தக் காசோடு வந்து சின்னச் சம்பளத்துக்கு உழைப்பார்கள். வெட்கமில்லாத வாதம்தான், ஆனால் ஒளிவுமறைவில்லாத வாதம். படித்துவிட்டு அரை மணி நேரம் இவர் சொல்வது சரிதானோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஏற்கெனவே பரிசு விழுந்திருந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது.

11 செப்டம்பர் 2023

மெட்ராஸ் பேராலயத்தில் பிரிபெண்ட் இருந்ததா என்று ஒரு கேள்வி. இல்லை. கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் கோயில் 1815இல் கட்டியது, 1835இல் மெட்ராஸுக்கு முதல் பிஷப்பாக டேனியல் காரி வந்தபோதுதான் பேராலயமானது. அதற்கென்று கிராமம் எழுதிவைக்கவில்லை. இங்கே கம்பெனியே படியளந்தது. 1813 சட்டப்படி கல்கத்தா பிஷப்புக்கு வருடம் 5,000 பவுண்டு, ஆர்ச்டீக்கன்கள் மூவருக்கும் தலைக்கு 2,000. 1833 சட்டப்படி மெட்ராஸ் பிஷப்புக்கு 24,000 சிக்கா ரூபாய். எல்லாம் இந்திய வருவாயிலிருந்து, அதாவது பெரும்பாலும் நிலவரியிலிருந்து. கோவிலுக்கே வராத தஞ்சாவூர்க் குடியானவனும் பிஷப்புக்குப் பிடியரிசி போட்டிருக்கிறான், தெரியாமலே.

14 ஜனவரி 2024

பொங்கலுக்கு மகள் வந்திருக்கிறாள். லிங்கனில் எடுத்த போட்டோக்களைக் காட்டினாள். ஒன்றில் இருக்கையும் மேலே ஊர்ப்பெயரும் தெளிவாக இருக்கின்றன. இப்போது அதில் உட்காருகிறவர்கள் கௌரவக் கேனன்கள், பைசா கிடையாது, சங்கீதம் மட்டும் உண்டு. டீனுக்கும் இரண்டு கேனன்களுக்கும் ஆணையத்தின் வாரிசு அமைப்பு, 1948இல் வந்தது, சம்பளம் போடுகிறது. எங்கிருந்து? பழைய நிலங்களும் விழுந்த அந்தப் பெரிய நிதியிலிருந்துதான். வெல்டன் வெஸ்ட்ஹால் இன்னும் எங்கோ படியளந்துகொண்டிருக்கிறது.

15 ஜனவரி 2024

67,814 காலன் வாரத்துக்கா என்று ஒருவர் அதிர்ச்சியோடு கேட்டிருக்கிறார். இல்லை ஐயா, ஒரு வருடக் கணக்கு. நாளொன்றுக்கு 185 காலன் சொச்சம். கேனன், விகார், சமையல்காரர், மணியடிக்கிறவர் எல்லோருக்கும் சேர்த்து.